ஃபிரிட்ஜ் துடைக்கும் முறை

ஃபிரிட்ஜைத் துடைப்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை ஐயா. இதற்கெல்லாம் விசாரணை வைப்பார்களா? இருந்தாலும் கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே ஃபிரிட்ஜ். வாரா வாரம் அதை யார் துடைப்பது என்று சண்டை. கம்ப்யூட்டர் சொன்னால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள் என்று நானே ஒரு புரோகிராம் எழுதினேன். ஓட்டினால் கறுப்புத் திரையில் ஒரு பெயர் வந்து நிற்கும், அவ்வளவுதான். பெயர்கள் பக்கத்திலேயே தனி ஃபைலில் இருந்தன. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஓட்டிப் பார்க்கும்போது என் பெயரே வந்து தொலைத்தால் எரிச்சலாகுமே என்று அதை மட்டும் எடுத்து வைத்தேன். பிறகு எங்கும் தூக்கிக்கொண்டு போக வசதியாக எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டினேன். கட்டும்போது பெயர்களும் உள்ளே போய்விட்டன, என் பெயர் மட்டும் இல்லாமல். அதன் பிறகு புரோகிராம் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். வெளியே இருப்பது வெறும் அலங்காரம்.

அந்த அலங்காரத்தில் என் பெயரைச் சேர்த்தேன், நாலு பேர் பார்க்க. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வரவே இல்லை. மச்சக்காரன் என்றார்கள். பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

ஸ்டோர் அண்ணன் ஓய்வு பெற்றதும்தான் சிக்கல். கணக்கு அக்கா அவர் பெயரை வெளி ஃபைலில் அழித்தார். ஆனால் சனிக்கிழமை எல்லோரும் கிளம்பிய பிறகு நான் ஓட்டியபோது திரையில் அண்ணன்தான் வந்து நின்றார். உண்மையைச் சொன்னால் திருத்த வேண்டும். திருத்தினால் என் பெயரும் உள்ளே வரும். இன்னொரு முறை ஓட்டியிருக்கலாமே என்பீர்கள். விழுந்த பெயரை மாற்றுவது நேர்மையா, சொல்லுங்கள்?

அண்ணனுக்குப் போன் போட்டேன். பாவம், இரண்டு பஸ் மாறி, வீட்டிலிருந்தே துணி எடுத்துக்கொண்டு வந்தார். அப்புறமும் அவர் பெயர் விழுந்தபோதெல்லாம் வந்தார். கடைசித் தடவை மட்டும் தயங்கினார்.

"தம்பி, நேத்துதான் பேத்தி பொறந்திருக்கா. இன்னும் கையில கூட வாங்கல. அடுத்த வாரம் வரட்டுமா?"

"கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு அண்ணே. நான் என்ன பண்ண முடியும்?"

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தார். அன்று பார்த்து, மறந்து வைத்த குடையை எடுக்க வந்தார் கணக்கு அக்கா. ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்த அண்ணனைப் பார்த்தார். தானே அழித்த பெயராயிற்றே என்று யோசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடப்பாவி," என்றார், ரொம்பப் பொறுமையாக.

செய்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்ணனை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. நீங்கள் பாட்டுக்குப் புரோகிராமை நிறுத்திவிட்டீர்கள். சனிக்கிழமைகளில் மனிதர் பொழுது போகாமல் தவித்துப்போவார். அதனால் என் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறேன். எங்கள் ஃபிரிட்ஜும் ரொம்ப நாளாகக் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.