திரையில் அணைந்திருந்த லைன்

ஆபீஸுக்குப் போகப் பாபநாசத்தில் பஸ் ஏறும்போதே ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால் எனக்கு அது நல்ல நாள். அன்று கிடைத்தது.

என் பெயர் ரகுராமன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மின் கட்டுப்பாட்டு அறையில் இன்ஜினியர். எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று நொடிக்கு நொடி கணித்துத் திரையில் காட்டும் புரோகிராமை எழுதியவன் நான்தான். எல்லா இடத்திலும் மீட்டர் கிடையாது. இருக்கிற மீட்டர்களும் சில சமயம் பொய் சொல்லும். அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒத்துவராததைத் தள்ளிவிட்டு, உண்மை நிலவரத்தை ஊகிப்பது அதன் வேலை. ஒத்துவராததைத் தள்ளிவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபீஸ்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் அதைக் கம்ப்யூட்டருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

அன்று சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். சந்தன மாலை, முந்திரி பக்கோடா. எல்லாம் முறையாக நடக்கையில் ஒரே ஒரு மீட்டர் மட்டும் மரியாதை தெரியாமல் நடந்துகொண்டது. ஒரு கிராமத்து லைனின் சுவிட்ச் அணைந்திருப்பதாகத் தகவல் வந்திருந்தது. அந்த மீட்டரோ லைனில் மின்சாரம் ஓடுகிறது என்றது. திரையில் சிவப்பு எச்சரிக்கை. விருந்தினர் முன்னால் சிவப்பு நன்றாக இல்லை. மீட்டரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். திரை முழுக்கப் பச்சை. கைதட்டினார்கள்.

பக்கோடா தீர்வதற்குள் போன் வந்தது. அதே கிராமத்து விவசாயி, அம்சம் என்ற பெண்.

"சார், கம்பி அறுந்து எங்க வயல்ல கெடக்குது. நடவு ஆளுங்க வரப்புல நிக்கிறாங்க. கரண்டு இருக்கா சார்?"

"அந்த லைன்ல கரண்டு இல்லம்மா."

"நல்லாப் பாத்து சொல்லுங்க சார். எறங்கலாமா?"

நியாயமான கேள்வி. அந்த மீட்டரைத் தனியாகத் திறந்து பார்த்தேன். மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன ரகுராமன், ஏதாவது பிரச்சனையா?" என்றார் பெரிய அதிகாரி.

"ஒண்ணும் இல்ல சார்," என்றேன். போனில், "எறங்குங்கம்மா" என்றேன்.

கம்பியை ஓரமாக இழுத்துப் போட அம்சம்தான் முதலில் இறங்கினாராம். விழுந்தவரைத் தூக்க ஓடிய மகள் செம்மொழியும் சேற்றிலேயே விழுந்துவிட்டாள்.

நீங்கள் கேட்குமுன் நானே சொல்கிறேன். தெரிந்தேதான் சொன்னேன். துணைமின் நிலையத்தையே அணைக்க ஒரு பொத்தான் போதும். அது என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கைதட்டல் வாங்கிய கையோடு என் கணிப்பு தவறு என்று நானே அறிவிப்பது எப்படி?

இரண்டு சாவுக்கும் நான்தான் காரணம் என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். புரோகிராமை மட்டும் குறை சொல்லாதீர்கள். அது இதுவரை யாரையும் ஏமாற்றியதில்லை.