எலாதியோ எழ மறுத்த கட்டில்

மேடையில் வீற்றிருக்கும் நம் கட்சியின் மாநிலத் தலைவர் தோழர் கின்தெரோ அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எலாதியோவின் துணைவியார் எர்மினியா அவர்களே, வால்தெஸாரா ஊர்க் கட்சிக் கூடமான இந்த மக்கள் இல்லத்தில் நிற்கவும் இடமின்றி நிறைந்திருக்கும் தோழர்களே!

இந்த இரங்கல் கூட்டத்தில் கிளைச் செயலாளர் காசில்தா, அதாவது நான், அழகாக நாலு வார்த்தை பேசட்டும் என்றார்கள். எனக்கு அழகாகப் பேச வரவில்லை. வயிறு எரிகிறது!

ஐந்து முறை நம் எஸ்த்ரெமதூரா மாநிலச் சட்டமன்றத்தில் நமக்காக அமர்ந்தவர் தோழர் எலாதியோ பர்ராந்தெஸ். ஆனால் அவர் உட்கார்ந்ததிலேயே பெரிய இடம் எது? நம் சுகாதார நிலையத்தின் கட்டில்! திறப்பு விழாவில் அமைச்சர் ரிப்பன் வெட்டினார், படம் பிடித்தார்கள், கைதட்டினோம். விழா முடிந்ததும் பின்வாசலில் ஒரு லாரி. கட்டில், மேசை, ஆக்சிஜன் உருளை எல்லாம் ஒருநாள் இரவலாம்! அமைச்சர் யார்? நம் கட்சிக்காரர்தான், தோழர்களே! எலாதியோ ஷூவைக்கூடக் கழற்றாமல் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எந்திரிப்பா எலாதியோ, மானத்த வாங்காத!" என்று கெஞ்சினார் அமைச்சர்.

"போறது உன் மானம், என்னுது இல்ல. கட்டிலத் தூக்கணுமா? என்னையும் சேத்துத் தூக்கு!"

இரண்டு நாள் அசையவில்லை மனிதர். எர்மினியா முட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட அடையை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தார். லாரி காலியாகத் திரும்பியது.

சென்ற ஆண்டு, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அந்த நிலையத்தைப் பூட்டும் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தது யார்? நம் ஆட்சி! நம் கட்சியில் எதிர்த்து வாக்களித்தவர் எத்தனை பேர்? ஒரே ஒருவர்! அதற்குப் பரிசாக வேட்பாளர் பட்டியலில் அவருக்குக் கடைசி இடம் கொடுத்தார்கள். மக்கள் வாக்கு கட்சிக்கு, பதவி பட்டியலில் மேலே இருப்பவருக்கு; கடைசி இடத்தில் நின்று ஜெயித்தவன் இந்த நாட்டில் உண்டா?

அந்தப் பட்டியலுக்கு இதே கூடத்தில் சிவப்பு உறுப்பினர் அட்டையை உயர்த்தி ஒப்புதல் கொடுத்தது யார்? நீங்கள்! நான்! ஆமாம், என் அட்டையும் மேலேதான் இருந்தது. கட்சிக் கட்டுப்பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். த்தூ! கூட்டம் முடிந்து வெளியே வருகையில் எலாதியோ என்னைப் பார்த்துச் சிரித்தார். "கை வலிக்குதா காசில்தா? ரொம்ப உசரமாத் தூக்கிட்டியே!"

போன செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி. எலாதியோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தே அந்தச் சுகாதார நிலைய வாசலுக்குப் போனார். பூட்டு! நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தாண்டி ஆம்புலன்ஸ் வருவதற்குள், படிக்கட்டிலேயே, எர்மினியாவின் மடியில் உயிர் போய்விட்டது. உள்ளே கட்டில் காலியாகக் கிடந்தது, தோழர்களே!

கின்தெரோ அவர்களே, உங்கள் மலர்வளையம் வாசல் கொள்ளாமல் நிற்கிறது. இன்று காலையில் என்ன சொன்னீர்கள்? "ஒரு தெருவுக்கு அவர் பேர வச்சிரலாம்மா." எர்மினியா சொன்ன பதில் காதில் விழுந்ததா? "பேரு வேணாம். சாவியக் குடுங்க."

இரங்கல் தீர்மானம் நான் எழுதிவரவில்லை. அந்தப் பூட்டை இன்றே திறக்க வேண்டும் என்பவர்கள் அட்டையை எடுங்கள். உயர்த்துங்கள்! இதோ என்னுடையது. வலிக்கட்டும் கை!

கூடம் முழுக்கச் சிவப்பு. மேடையில் மட்டும் ஒரு கை மடியிலேயே இருக்கிறது. இருக்கட்டும், தலைவரே. எர்மினியாவோடு நாங்கள் இப்போதே அந்த வாசலுக்குப் போகிறோம். கதவு திறந்ததும் முறைவைத்துக் கட்டிலில் உட்காருவோம். முதல் முறை என்னுடையது. நிலையத்தை மறுபடி பூட்ட வருகிறவர்கள் எங்களையும் சேர்த்துத் தூக்கட்டும்!