மாப்பிள்ளை வண்டிக்குக் காற்று

டயருக்குக் காற்று பிடிப்பதாக இருந்தால் காலையிலேயே பிடித்துவிடுங்கள். வண்டி ஓடி டயர் சூடான பிறகு பிடித்தால் கேஜ் கூடுதலாகக் காட்டும், ஏமாந்துபோவீர்கள். பெங்களூர் சிவாஜிநகர் பெட்ரோல் பங்கில் காற்று மிஷின் பக்கத்தில் குந்தி எழுந்தே முட்டி தேய்ந்தவன் சொல்கிறேன்.

என் பெயர் ஆம்ப்ரோஸ். மூட்டை தூக்கி முதுகு போனபிறகு காற்றுக்கு வந்தேன். மனைவி இறந்ததிலிருந்து, மகள் குளோரியாவுக்குக் கல்யாணமாகும்வரை, வீட்டில் நானும் அவளும்தான். சின்னப் பெண்ணாக இரண்டாம் வகுப்பில் படித்ததை அப்படியே எனக்கும் சொல்லிக்கொடுப்பாள், தப்பாக எழுதினால் காதைத் திருகுவாள். பைக்கின் செயின் கவரில் ஒட்டியிருக்கும் காற்றுக் கணக்கை அப்படித்தான் படிக்கத் தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை ரயான் வண்டிக்கு முன்னால் இருபத்தைந்து பவுண்டு. பின்னால் ஒருவர் என்றால் இருபத்தெட்டு, இருவர் என்றால் முப்பத்திரண்டு.

நல்ல பையன். ஊருக்கு வெளியே வெகுதூரம், ஓசூர் ரோட்டு அத்திபெலேயில் கம்பெனி வேலை, கல்யாணமானபின் இருவரும் குடியிருந்தது எங்கள் பக்கத்துத் தெரு. வண்டியைக் கண்ணாடி மாதிரி துடைப்பார், காற்றை மட்டும் என்னிடம் விட்டுவிடுவார். நான் பிடிக்கும்போது கேஜைப் பார்க்கமாட்டார், போனைத்தான் பார்ப்பார். "நீங்களே பார்த்துப் போடுங்க மாமா" என்பார்.

பார்த்துத்தான் போட்டேன்.

ஒருநாள் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே, வேலை நிரந்தரமானால் அத்திபெலேக்கே குடிபோய்விடலாம் என்றார். குளோரியாவும் தலையாட்டினாள். வேலை அலுத்துப்போனால் இந்தப் பேச்சும் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த தடவை இரண்டு டயரிலும் நாற்பதுக்கு மேல் ஏற்றினேன். காற்று கூடினால் டயர் கல்லாகிவிடும், ஒரு பள்ளம் விடாமல் இடுப்பில் வந்து விசாரிக்கும்.

"மாமா, இது பைக்கா, மாவு மிஷினா? இடுப்பே கழண்டுபோச்சு."

"ரோடு அப்படி மாப்ள. நம்ம ஊர் ரோடு உங்களுக்குத் தெரியாததா?"

பெங்களூரில் ரோட்டின்மேல் பழி போட்டால் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை.

ஆனால் என் கணக்கு தப்பாகிவிட்டது. இடுப்பு வலிக்கிறது என்று அவர் வேலையை விடவில்லை, வேலைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டார். இதை நான் முன்னமே யோசித்திருக்க வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து இருவரும் நேராகப் பங்குக்கு வந்தார்கள். மழை விட்டு, மறுபடி தூறிக்கொண்டிருந்தது.

"டபுள்ஸ் போறோம் மாமா, அதுக்குத் தகுந்த மாதிரி போடுங்க" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒழுங்காகக் கேட்டார்.

முன்சக்கரத்தில் ஐம்பது விட்டேன். அவ்வளவு இறுகின டயர் ஈர ரோட்டைப் பிடிக்காது. முன்பிரேக்கை அழுத்தினால் வழுக்கும். மற்றபடி மாப்பிள்ளைக்குக் கெடுதலாக நான் எதையும் நினைக்கவில்லை.

குளோரியா ஏறி உட்கார்ந்திருந்தாள். எனக்கு நெஞ்சு படபடவென்று வருகிறது, கூட இரும்மா என்றேன்.

"ஏழு இட்லி சாப்பிட்டப்ப படபடக்கலையாப்பா?" என்று சிரித்தாள். சிரித்தாலும் இறங்கிவிட்டாள். அவள் இறங்கி நின்ற பிறகுதான் வால்வு மூடியைத் திருகினேன்.

"மாமாவைப் பார்த்துக்கோ, நான் மட்டும் போய்ட்டு வந்துடறேன்" என்று மாப்பிள்ளை கிளம்பினார். நல்ல பையன் என்று சொன்னேனே.

ஓசூர் ரோட்டில் ஒரு மேம்பால இறக்கத்தில் விழுந்தார். பின்னால் வந்த டெம்போ கால்மேல் ஏறிவிட்டது. இனி நடப்பது கஷ்டம் என்றார்கள். மழை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மழை என்றுதான் சொன்னேன்.

இப்போது இருவரும் என் வீட்டில் இருக்கிறார்கள். நானே அவரைக் குளிப்பாட்டுகிறேன், தாடி மழித்துவிடுகிறேன். "பெத்த அப்பாகூட இப்படிப் பார்க்கமாட்டார் மாமா" என்று போன வாரம் கண்கலங்கினார். எனக்கும் கலங்கியது.

அதே வாரம் குளோரியா ஒரு சேதி சொன்னாள். அதே கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை தருகிறார்களாம். அத்திபெலேயில் படி ஏறவேண்டாத வீடும் இருக்கிறதாம். தினமும் கொஞ்ச தூரம் வெளியே தள்ளிக்கொண்டு போய்ப் பழக்கினால், மாப்பிள்ளைக்குத் தெம்பு வந்துவிடும் என்கிறாள்.

சக்கர நாற்காலி நான் வாங்கிக் கொடுத்தது, காற்றடிக்கிற டயர். அதற்கும் நான்தான் பிடிக்கிறேன். கொஞ்சம் குறைவாகவே வைக்கிறேன், குறைந்தால் தள்ளக் கனக்கும். தெருமுனை தாண்டுவதற்குள் குளோரியாவுக்குக் கை ஓய்ந்துவிடுகிறது, திரும்பிவிடுகிறார்கள். ஆனால் மாப்பிள்ளைக்கு உடம்பு துளியும் குலுங்காது. எனக்கு அதுதான் முக்கியம்.