கடைமடைக்காரர்களின் ஏழாவது பாட்டு

— முடியாதுன்னா முடியாதுதான் வீரமணி. தரங்கம்பாடியிலேருந்து பஸ் ஏறி, கொடுவா மீனும் கையுமா வந்து நின்னா இந்த நூர்ஜஹான் மனசு மாறிடுவாளா?

— மீனு எங்கம்மா குடுத்து விட்டதும்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சத்தியமா.

— எல்லையம்மா மவன் வாயத் தொறந்தா சத்தியந்தான். உக்காரு. நெய்ச்சோறு இருக்கு, தின்னுட்டுப் பேசு.

— மூணு மணிக்கு சார்ஜாவிலேருந்து மாமா போன் பண்ணுவாங்கல்ல? அதுக்குள்ள பேசிடணும்மா. சலாஹுதீன் எங்க?

— புதுப் பெட்டி வாங்க கும்பகோணம் போயிருக்கான். விசா வந்தாச்சு. இன்னிக்குப் போன்ல நான் சரின்னு சொன்னா புதன்கிழமைக்கு டிக்கெட் போட்டுடுவாங்க. புள்ள போறான், அங்க பெத்த அத்தா கடையில உக்காருறான். நடுவுல நீ யாருடா?

— நான் ட்ரம்ஸும்மா.

— பெரிய கலெக்டர் உத்தியோகம்!

— ஒரு பதினஞ்சே நாள்மா. எங்க பேண்டோட மொத ஆல்பம். மொத்தம் ஏழு பாட்டு, ஆறு முடிஞ்சுது. ஏழாவதுக்கு மட்டும் அவன் குரல் வைக்கணும். திருச்சி ஸ்டுடியோக்காரர் அதுக்கு முன்னாடி தேதியே இல்லைங்கிறாரு.

— ஏன், நீ பாடேன்.

— நான் பாடுனா மீன் ஏலம் விடுற மாதிரி இருக்குன்னு உங்க புள்ளையே சொல்லிட்டான்.

— அவன் பாடுனா மட்டும் தேன் ஒழுகுதாக்கும்? நாகூர் தர்காவுக்கு இழுத்துட்டுப் போன கதை தெரியும்ல? குளிக்கிற ரூமுக்குள்ள உர்ருன்னு ஒரு சத்தம். ரப்பே, புள்ள மேல ஜின்னு ஏறிடுச்சுன்னு பதறியடிச்சுப் போனேன். ஓதிப் பாக்குற அசரத்து, எங்க, அந்தச் சத்தத்த இன்னொரு தரம் போடு தம்பின்னாங்க. இந்தப் பாவி ஒரு முழுப் பாட்டையும் பாடிக் காட்டிட்டான்!

— அசரத்து என்ன சொன்னாங்க?

— இவ்வளவு கத்த எந்த ஜின்னுக்கும் தெம்பு கிடையாதும்மா, பனங்கல்கண்டு போட்டு பால் குடுன்னு அனுப்பிட்டாங்க. சிரிக்காத! அந்தக் கண்றாவிக்கு என்னமோ பேரு சொல்வியே?

— ப்ரோக்ரஸிவ் டெத் மெட்டல்.

— டெத்துன்னா மௌத்துதானே? வெளங்கும். வாழ வேண்டிய புள்ளைங்க வைக்கிற பேரப் பாரு.

— பேருதாம்மா அப்படி. லேசுப்பட்ட வேலை இல்ல. ஒரே பாட்டு பதினோரு நிமிஷம் ஓடும், நடுவுல தாளம் மாறிக்கிட்டே இருக்கும். நன்னிலத்துல ரைஸ் மில்லு ஓடுறப்பத்தான் ப்ராக்டிஸ். மில்லு சத்தத்துல எங்க சத்தம் வெளிய தெரியாது பாருங்க. அப்படியே பழகிட்டு ஸ்டுடியோவுக்குப் போனா, அங்க ஒரே அமைதி. எனக்குத் தாளமே நிக்கல. மறுபடி வந்து மில்லு ஓடுற சத்தத்த டேப்புல புடிச்சிட்டுப் போய், அதைக் காதுல மாட்டிக்கிட்டுல்ல வாசிச்சேன்.

— கூறுகெட்ட பசங்களா!

— நீங்க சிரிக்கிறீங்க. பேண்டு நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லம்மா. பேஸ் வாசிச்ச ஹபீப் குவைத்துக்குப் போயிட்டான். அவன் எடத்துக்கு வந்த ரெத்தினம் ஆறே மாசத்துல மலேசியா. லீட் கிடார் தியாகராசன் சிங்கப்பூரு. எங்க பேண்டுல சேந்தா வெளிநாடு கெடைக்கும்னு ஊருல பேச்சு. நேத்து ஒருத்தன் வந்து, கிடார்லாம் புடிக்கத் தெரியாதுண்ணே, சும்மா சேத்துக்கங்கங்கிறான்.

— நல்ல ராசிதானேடா!

— போனவன் எல்லாம் அவனவன் பங்க வாசிச்சு முடிச்சுக் குடுத்துட்டுத்தாம்மா போனான். சலாஹுதீன் குரல் இல்லாட்டி அஞ்சு வருஷ உழைப்பும் வீணு. பேண்டுக்குக் கடைமடைன்னு பேரு வச்சோம், அதான் தண்ணி வந்து சேர மாட்டேங்குது.

— அவனே போறேன்னுதானே சொல்றான்?

— அத்தா சொன்னா அவன் எதுத்துப் பேசுவானா? உங்களுக்குத் தெரியாததா?

— அதாண்டா எனக்கும் வெளங்கல. வீட்டுல ஒரு டம்ளர் தண்ணிகூட வாய் விட்டுக் கேக்க மாட்டான். அங்க வந்தா மட்டும் அவ்வளவு சத்தம் எங்கேருந்து வருது? என்னத்தத்தான் கத்துறான்? ஒரு வார்த்தையாவது புரியுதா?

— ஏழாவது பாட்டுல வர்றதச் சொல்லட்டுமா? திட்டக் கூடாது.

— சொல்லித் தொலை.

— அத்தா வந்தா வீடெல்லாம் சென்ட்டு வாசம். அத்தா போனா மிச்சம் பெட்டிக் கயிறு. அம்மா அடுப்படியில நிக்கிறா, கண்ணு செவந்து கெடக்கு. புகைடாங்கிறா. கேஸ் அடுப்புல ஏதும்மா புகை?

— இதையா கத்துறான்?

— அந்தக் கடைசி வரியத்தாம்மா, திருப்பித் திருப்பி. அந்த எடம் வந்தா எனக்கே தாளம் தப்பும்.

— அப்ப அவனுக்கு ஆறு வயசு இருக்கும். புகைன்னதும் தலைய ஆட்டிட்டு வெளையாட ஓடிட்டான். நம்பிட்டான்னுல்ல நெனச்சேன்.

— நம்பலம்மா.

— இத்தனை வருஷமா நெஞ்சுக்குள்ளயே வச்சிருந்திருக்கானே, என் ராசா. ஒரு நாளு என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா...

— அம்மா, போன் அடிக்குது.

— கேக்குதுடா.

— பதினஞ்சு நாள் பொறுக்கச் சொல்லுங்கம்மா. உள்ளத உள்ளபடி சொன்னா மாமா கேக்க மாட்டாங்களா?

— பாட்டுக்காக விசாவத் தள்ளிப் போடச் சொன்னா அடுத்த ப்ளேனப் புடிச்சு வந்து நிப்பாங்க. நீ வாய மூடிக்கிட்டு சோத்தத் தின்னு.

— அப்ப என்னதாம்மா சொல்லப் போறீங்க?

— அஸ்ஸலாமு அலைக்கும்... ஆமாங்க, நாந்தான்... டிக்கெட்டா? வேணாம், வேணாம், இப்பப் போட்டுடாதீங்க. அங்க மெடிக்கல் டெஸ்ட்டுலயே தள்ளிடுவாங்க... பயப்படாதீங்க, நான் பாத்துக்குறேன்... நம்ம சலாஹுதீனுக்கு மஞ்சக்காமாலைங்க.