வெட்டுப்பட்ட துறைமுகம்

“மாமா, இந்தக் கப்பல்ல இருக்கறவங்கல்லாம் எப்ப வீட்டுக்குப் போவாங்க?”

ஏழு வயதுக் குழந்தை கேட்ட கேள்வி இது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... கதவோரம் இருப்பவர் கதவுக்கு முதுகைக் காட்ட வேண்டாம். நடந்தது என் நண்பனின் தாய்மாமாவுக்கு. கேட்டது அவன் தங்கை. வீட்டில் அவளுக்குக் குருவி என்று பெயர். அவள் அம்மா பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்ததால், குருவியை மாமா வீட்டில் விட்டிருந்தார்கள்.

மாமாவுக்குத் தொழில், படங்களுக்குச் சட்டம் போடுவது. பைத்தியம், பழைய வரைபடங்களின் மேல். செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, மை ஏற்றி அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டிய முந்நூறு வருடத்துத் தாள்கள். கையில் நாலு காசு சேர்ந்தால் போதும், ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

அந்தத் தடவை வந்தது ஒரு கடல். மூலைக்கு ஒரு முகம், கன்னம் உப்பக் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. நடுவில் பாய் விரித்த ஒரே கப்பல். இடது ஓரத்தில், கட்டைவிரல் நகம் அகலத்துக்கு, ஒரு துறைமுகம். ஒரு கோபுரம், ஒரு படித்துறை, சில வீடுகள்.

“குழாயில தண்ணி வந்து மூணு நாளாச்சு. இவரு கடலையே வாங்கிட்டு வந்து நிக்கறாரு,” என்றாள் அத்தை.

மாமா சிரித்தார். அவரிடம் பூவேலை செய்த கருங்காலிச் சட்டம் ஒன்று பத்து வருடமாகத் தகுந்த படத்துக்காகக் காத்துக்கிடந்தது. இதை அதில் வைத்துப் பார்த்தார். எல்லாம் கச்சிதம். இடது பக்கம் மட்டும் இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது.

கடைக்கு வருகிறவர்களிடம் அவரே சொல்வார், “ஓரத்துல கத்தி வச்சா படம் செத்துப்போச்சு சார்” என்று. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, சட்டத்தின் மேல் வைத்த ஆசை அவர் கண்ணை மறைத்துவிட்டது. இரும்பு அளவுகோலை வைத்தார். ஒரே இழுப்பு. சர்ர்...

துறைமுகம் தனியாக வந்துவிட்டது.

“அது எனக்கு,” என்று குருவி எடுத்துக்கொண்டு போய்த் தன் கதைப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டாள். அன்று மாலை படத்தைச் சுவரில் மாட்டியதும்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். பூதக்கண்ணாடி வைத்து எண்ணியும் பார்த்தாள். தளத்தில் ஏழு பேர்.

திங்கட்கிழமை, “மாமா, ஆறு பேர்தான் இருக்காங்க.”

“கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு.”

புதன்கிழமை, “நாலு பேர்.”

“மத்தவங்கல்லாம் தூங்கப் போயிருப்பாங்க. நீயும் போய்த் தூங்கு.”

வியாழக்கிழமை.

இரவு பதினொன்றே கால். கடையைப் பூட்டிவிட்டு மாமா நடந்து வருகிறார். இரண்டு பக்கமும் பூட்டிக்கிடந்த கிடங்குகள்... ஒரு நாய்கூட இல்லை. மழை பெய்து மாதம் இரண்டாயிற்று. காலடியில் புழுதி.

அந்தப் புழுதியில் ஈரக் காலடிகள்.

வெறுங்கால். அகலமான பாதம். இவருக்கு எதிரே நடந்து வந்து, இவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, இருட்டுக்குள் போயிருந்தன. யாரோ குளித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே, அவை வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நடந்தார். கிடங்குகள் முடிந்தன. முனை திரும்பியது. காலடிகளும் திரும்பின.

அவை இவர் வீட்டு வாசலிலிருந்துதான் புறப்பட்டிருந்தன.

கதவு பூட்டியபடியே இருந்தது. திறந்தார். உப்பு வாடை... தாரும் ஈரக் கயிறும் கலந்த வாடை. எங்கேயோ மரம் மெல்ல முனகியது... க்ர்ர்ர்க்... க்ர்ர்ர்க்... கூடம் முழுக்க ஈரக் காலடிகள். ஒருவருடையவை அல்ல. அலமாரி இழுப்பறைகள் எல்லாம் திறந்துகிடந்தன. அத்தை பக்கத்து அறையில் அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாமா படத்தின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தார்.

தளத்தில் ஒருவரும் இல்லை.

காலடிகள் குழந்தையின் அறைக்குப் போயின. கட்டிலைச் சுற்றிச் சுற்றி... தலைமாட்டில் நீர் தேங்கி நின்றது. குருவி கண்ணைத் திறந்துகொண்டு, அசையாமல் படுத்திருந்தாள்.

“மாமா,” என்றாள், உதடு மட்டும் அசைய. “தலகாணிக்கு அடியில கைய விட்டுத் தேடறாங்க... தெனமும் ரொம்ப நேரம் தேடறாங்க மாமா... இன்னிக்கு என் தலைய மெதுவாத் தூக்கிப் பாத்தாங்க.”

மாமா குனிந்தார். தலையணைக்கு அடியில் கையை விட்டார். கதைப் புத்தகம். அதற்குள் இரண்டு விரற்கடை அகலத்தில், அவர் வெட்டிய துறைமுகம்.

குழந்தையைத் தூக்கி அத்தையின் பக்கத்தில் படுக்கவைத்தார். போர்வையை இழுத்து மூடினார். பிறகு கூடத்து மேஜையில் உட்கார்ந்து, சட்டத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மாவுப் பசை காய்ச்சினார். வெட்டிய இரண்டு விளிம்பையும் மயிரிழை பிசகாமல் சேர்த்து, பின்னால் மெல்லிய தாளை ஒட்ட வேண்டும். கை நடுங்கினால் கோடு கோட்டோடு சேராது.

சொட்டு... சொட்டு...

முதுகுக்குப் பின்னால்.

அவர் திரும்பவில்லை. பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது. மேஜையைச் சுற்றி ஆட்கள் நெருங்கி நிற்பது தெரிந்தது. ஒருவர் இருமினார். முந்நூறு வருட இருமல்.

“தப்பு என்னோடதுதான்,” என்றார் மாமா, தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல். “கொழந்தைய ஒண்ணும் பண்ணிடாதீங்கய்யா. கொஞ்சம் பொறுங்க... இதோ ஆச்சு.”

கடவுளை நினைத்துக்கொண்டு தாளை அழுத்தினார். மேலே கனத்த பலகையை வைத்தார். சொட்டும் சத்தம் நின்றது.

விடிந்ததும் பலகையை எடுத்துப் பார்த்தார். நடுக்கடலில் கப்பல் இல்லை. படித்துறையில் பாய் சுருட்டி நின்றது. படிகளில் எள் எள்ளாக ஆட்கள்.

பின்னால் வந்து எட்டிப் பார்த்த குருவி எண்ணினாள். “ஆறு பேர்தான் மாமா.”

மாமாவுக்குக் கிடங்குத் தெரு ஞாபகம் வந்தது. இருட்டுக்குள் போன அந்தக் காலடிகள்... அவை திரும்பி வந்ததற்குச் சுவடே இல்லை. வெகுதூரம் தேடிப் போன ஒருவன், இன்னும் வெளியிலேயே இருக்கிறான்.

அன்று இரவு மாமா அரிக்கேன் விளக்கு ஒன்றை ஏற்றி வாசலில் வைத்தார்.

“திருடனுக்கு வழி காட்டறீங்களா?” என்றாள் அத்தை.

“யாருக்காவது ஒதவட்டும்,” என்றார்.

மூன்றாம் நாள் குருவியின் அம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எட்டாம் நாள் குருவி தன் வீட்டுக்குப் போய்விட்டாள். இனி பயப்பட ஒன்றுமில்லை. விளக்கை உள்ளே எடுத்து வைத்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் ஒரு மனிதன் வீடு சேராமல் இருக்கிறானே. மாமா தினமும் அளந்து எண்ணெய் ஊற்றினார். தினமும் விடியும்போது விளக்கு வறண்டுபோய், கண்ணாடி கரிபிடித்துக் கிடக்கும்.

பத்தாவது நாள் அத்தையும் குழந்தையைப் பார்க்கக் குருவி வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவர் மட்டும். மறுநாள் விடியற்காலையில் கதவைத் திறந்தார்.

வாசற்படியில் ஒரே ஒரு ஈரக் காலடி, உள்ளே பார்த்தபடி.

படத்திடம் ஓடினார். படித்துறையில் ஏழு பேர்.

விளக்கை எடுத்து வைக்கலாம் என்று திரும்பி வந்து தூக்கினார். கனத்தது. திரியை யாரோ பதமாகத் தணித்து அணைத்திருந்தார்கள். கண்ணாடி பளபளவென்று துடைத்திருந்தது. மூடியைத் திறந்தார். கழுத்துவரை எண்ணெய். இவர் பத்து இரவும் ஊற்றியதற்குப் பதில்போல, தளும்பத் தளும்ப.

முகர்ந்து பார்த்தார்.

மீன் எண்ணெய் வாடை.

அந்த வீட்டிலிருந்து கடல், ரயிலில் ஒரு நாள் தூரம்.