கடைசிக் கதவின் முன் நின்ற நேரம்

எனக்கு வயது ஐம்பத்தாறு. பொருட்காட்சித் திடலின் பின்வாசலை ஒட்டிய தகர வீட்டில் குடியிருக்கிறேன். நானும் என் அண்ணனும் இருபத்தேழு வருடமாக அந்தத் திடலில் பேய் வீடு நடத்தி வந்தோம். என் சொந்தப் பெயரைச் சொன்னால் அங்கே ஒருவருக்கும் தெரியாது, பேயம்மா என்றால் வழி காட்டுவார்கள். அண்ணன் சாவில் என் கவனக்குறைவு உண்டா என்ற விசாரணைக்காக இதைச் சொல்கிறேன்.

கடை போட்ட புதிதில் பலகை எழுத வந்த பெயிண்டர், டெரர் என்று எழுதவா, ஹாரர் என்று எழுதவா என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதானே என்றேன். அண்ணன் சிரித்துவிட்டு, "கதவத் திறக்கறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்கோன்னு ஒரு பயம் வருது பாரு, அது டெரர். திறந்து பார்த்தப்புறம் வர்றது ஹாரர். நாம முதல்ல சொன்னத மட்டும் விக்கலாம்" என்றார். அதனால் கடைசிக் கதவுக்குப் பின்னால் பொம்மை எதுவும் வைக்கவில்லை. தட்டி அடைத்த முற்றம், ஒரு பெஞ்சு, ஒரு குடம் தண்ணீர், அவ்வளவுதான். அண்ணன் அங்கே பூட்ஸ் மாட்டிக்கொண்டு பலகைமேல் மெதுவாக நடப்பார். காலடி நெருங்க நெருங்க ஆட்கள் அலறுவார்கள். கதவைத் திறந்தால் வெயில், "வாங்க, தண்ணி குடிங்க" என்று அண்ணன். பெரிய மீசைக்காரர்கள்கூட அசடு வழிய வாங்கிக் குடித்திருக்கிறார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

சென்ற செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு ஒரு குடும்பத்தை டார்ச் அடித்து உள்ளே கூட்டிப்போனேன். கடைசிக் கதவுக்கு வந்தபோது காலடி பாதியில் நின்றது, ஏதோ விழுந்தது. அதையும் வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவர்களை வந்த வழியே வெளியே அனுப்பினேன். அதன் பிறகு திரும்பி வந்து "அண்ணே" என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். தாழ்ப்பாள் என் பக்கம்தான் இருந்தது. கையை வைத்தேன், எடுத்துவிட்டேன்.

சத்தம் கேட்ட உடனே திறந்ததாக நேற்று ஏட்டையாவிடம் சொன்னது பொய். இருபது நிமிடம் நின்றேன். திறக்காத வரைக்கும் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து கால் நீட்டியிருக்கலாம் என்று நினைத்தேன். அதன் பிறகு திறந்தேன். உடம்பில் சூடு இருந்தது. மாரடைப்பு, கால் மணி நேரம் முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதிய ஸ்டேஷன் எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். இருபது நிமிடம் என்பதைச் சற்று நேரம் என்று எழுதியிருந்தார். என்மேல் இரக்கப்பட்டிருக்கிறார். அதை அடித்து, நான் சொன்னபடியே எழுதச் சொன்னேன். எழுதினார். இப்போது எல்லாம் உண்மை.

(கையொப்பம்)