கோழிக்கு அடியில் பைக் சாவி

காரைக்குடியிலிருந்து கல்லல் போகும் பஸ். முன் சீட்டில் இருந்தவர் பக்கத்துப் பெரியவரிடம் சொன்னார்: "பைக் சாவி மேல கோழி உக்காந்திருக்கு மாமா. அதான் பஸ்ல வாரேன்."

எனக்குச் சாவிதான் உறுத்தியது. பெரியவருக்கு அது பொருட்டே இல்லை. "அடைப் பொட்டியில என்ன போட்டீக மாப்ள?" என்றார்.

"மொதல்ல மரத்தூளு போட்டேன். கெளறி வெளிய தள்ளிருச்சு. தேங்கா நாரு போட்டா கால்ல சுத்திக்கிருது. கடைசியில வைக்கோலப் போட்டதும் பேசாம உக்காந்துருச்சு."

"அடியில மணல் போட்டீகளா?"

"போட்டேன். இடி இடிச்சா முட்டையெல்லாம் கூமுட்டையாயிரும், ஒரு இரும்பும் போடுங்கன்னு வீட்டுக்காரி சொன்னா. அப்பக் கையில சாவிதான் இருந்துச்சு, வைக்கோலுக்குள்ள சொருகிட்டேன். இப்ப எடுக்கப் போனா கோழி கொத்துது. அடையக் கலைச்சீகன்னா சோறு கெடையாதுன்னு அவளும் மெரட்டுறா."

"குஞ்சு பொரிக்கட்டும், விடுங்க" என்ற பெரியவர், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "வண்டி வாங்குறப்ப ரெண்டு சாவி குடுப்பாகளே மாப்ள?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வெள்ளைக் கோழியும் அடையில இருக்கு மாமா."